புறாத்தீவுக்குக் குடும்பத்தோடு போகுமுன்



விடுமுறை வந்தால் நம்மவர்கள் பலர் நிலாவெளிக்குப் போய், அங்கிருந்து படகேறிப் புறாத்தீவில் ஸ்நோர்க்கலிங் செய்கிறார்கள். கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம்தான். 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட இடம். முருகைக்கற்களையும் மீன்களையும் ஆழம் போகாமலே பார்க்கலாம். ஆனால், கடல் கடல்தான்.

முதல் தடவை போனபோது நானும் தவறு செய்தேன். ஆழம் குறைந்த இடத்தில் பழகாமல் நேரே உள்ளே போனேன். மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தது. பதறி மூக்கால் மூச்சிழுத்தேன். கூட வந்த வழிகாட்டித் தம்பி கையைப் பிடித்ததால் தப்பினேன், அல்ஹம்துலில்லாஹ். அன்று கற்றதையும் பிறகு விசாரித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

காலம்: மே முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் போகவேண்டாம். காலை நேரமே நல்லது.

மாஸ்க்: பட்டியைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அதுவே உங்களுக்கான அளவு. அடர்ந்த மீசையும், விளிம்புக்குள் அகப்படும் ஹிஜாப் துணியும் தண்ணீரை உள்ளே விடும். மீசையைக் கத்தரியுங்கள், துணியை விளிம்புக்கு வெளியே ஒதுக்குங்கள். பட்டியை அளவுக்கு மீறி இறுக்கினாலும் கசியும்.

மூச்சு: முழங்கால் தண்ணீரில் நின்று, குனிந்து முகத்தை வைத்து, வாயால் மட்டும் மெதுவாக மூச்சு விட்டுப் பழகுங்கள். குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் பலமாக ஒரு தடவை ஊதினால் வெளியேறும்.

உடை: தளர்ந்த அபாயா நனைந்தால் பாரமாகிக் காலைச் சுற்றும். உடலை மூடும் நீச்சலுடைகள் இப்போது கிடைக்கின்றன, அதை அணியுங்கள். ஆண்களும் நீளக்கைச் சட்டை போட்டால் முதுகு வெயிலில் வேகாது.

லைஃப் ஜாக்கெட்: நீந்தத் தெரிந்தவரும் படகிலும் தண்ணீரிலும் கழற்றவேண்டாம். இதய நோய், வலிப்பு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கவேண்டாம்.

இனிச் சொல்வதுதான் மிக முக்கியம். ஸ்நோர்க்கலிங் செய்பவர் முகம் குப்புற அசையாமல் மிதப்பார். மூச்சு நின்றவரும் அப்படியேதான் மிதப்பார், கூச்சலிடமாட்டார். கரையில் இருப்பவர்கள், "வாப்பா மீன் பார்க்கிறார்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே இருவர் இருவராக, கைக்கெட்டும் தூரத்தில் இருங்கள். அடிக்கடி தலையை உயர்த்தி மற்றவரைப் பாருங்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கட்டும். அவர் கையில் போன் இருக்கவேண்டாம்.

முருகைக்கல் உயிருள்ளது. மிதித்தால் அது சாகும், உங்கள் காலும் கிழியும். களைத்தால் அதன்மேல் நிற்காமல், மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள்.

பத்து நிமிடம் பழகினால் போதும், பயம் போய்விடும். போனவர்கள் எல்லோரும் சுகமாகத் திரும்ப வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

செயலாளர்