உங்களுக்குத் தெரியுமா? மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடை

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. ஆனாலும் 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் தோணி விட்டிறங்கிய தமிழகத் தொழிலாளர்கள், காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து நடந்தே வந்துசேர்ந்த ஊர் மாத்தளைதான். கோப்பித் தோட்ட வேலைக்காக வந்தவர்கள். காலராவும் காய்ச்சலும் பலரை வழியிலேயே கொண்டுபோயின; பிரித்தானியர் இந்த வழிக்கு ‘வடக்குப் பாதை’ என்று சாதுவாகப் பெயரிட்டார்கள்! மாத்தளைக்கு 1880இல் ரயில் வந்தது. அந்தப் பாதையோ 1899இல்தான் மூடப்பட்டது.

மாத்தளை நகரில் 1803இல் எழுந்த மக்டோவல் கோட்டையின் வாசல் இன்றும் நிற்கிறது. உள்ளே பீரங்கியைத் தேடாதீர்கள், கோட்டை பின்னாளில் கல்லறைத் தோட்டமாகிவிட்டது. கோட்டையையும், 108 அடி ராஜகோபுரம் கொண்ட முத்துமாரியம்மன் கோவிலையும் ஒரே காலையில் நடந்தே பார்த்துவிடலாம்.