வாலன்சியாவில் குங்குமப்பூ வாங்குவது எப்படி?

ஸ்பெயினின் வாலன்சியாவில் துணிமணிக்கு கோலோன் தெரு போதும். குங்குமப்பூ வேணும்னா 1928ல் திறந்த மெர்காடோ சென்ட்ரால் சந்தைக்குப் போங்க. மதியம் மூன்று மணிக்கு மூடிடுவாங்க; ஞாயிறு விடுமுறை.

நான் ஏமாந்தது வேறொரு கடையில். மலிவாக இருக்கேன்னு மஞ்சள் பொடி வாங்கினேன். அறைக்கு வந்து உறையைப் படித்தால் 'கொலொராந்தே', அதாவது பாயெய்யா சோற்றுக்குப் போடும் சாயம்! அசல் என்பது சிவப்பு இழை. 'அஸாஃப்ரான் தே லா மாஞ்சா' முத்திரை இருக்கான்னு பாருங்க. விலை கிராம் கணக்கில்தான் இருக்கும்.

சந்தைக்கு எதிரே லோன்ஹா, பழைய பட்டு வணிக மாளிகை. பேச்சில் வஞ்சகம் இல்லாத வணிகனுக்குச் செல்வம் பெருகும் என்ற கருத்தை அதன் சுவரில் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். கட்டியது 15ஆம் நூற்றாண்டில். அப்பவே இதைச் சொல்ல வேண்டியிருந்திருக்கு!