பச்சைச் சாணை

திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிளும் எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரியும் உருவானதை அறியாத சென்னைவாசி இருக்கமாட்டார்; ஆனால் அவ்வித ஆலைகளிலும், ராயபுரம் வரை அவற்றையும் துறைமுகத்தையும் அண்டிப் பிழைக்கும் லேத் பட்டறைகளிலும் இரும்பைக் கடைகின்ற டூலுக்குக் கூர் ஏற்றும் சாணைக்கல்லும் அதே திருவொற்றியூரில் தயாராகிறது என்பதைக் கவனிப்பவர் சொற்பம். முருகப்பா குடும்பத்தார், அமெரிக்காவின் கார்போரண்டம் கம்பெனியோடும் இங்கிலாந்தின் யூனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனியோடும் கூட்டுச் சேர்ந்து 1954-இல் ஸ்தாபித்த கார்போரண்டம் யூனிவர்சலின் ஆலை அங்கேதான் இருக்கிறது.

சாதாரண டூலுக்குச் சாணை பிடிப்பதில் பெரிய சங்கடம் இல்லை. கார்பைடு விஷயம் வேறு. டங்ஸ்டனும் கரியும் சேர்ந்த கடினமான தூளைக் கோபால்ட் உலோகத்தைப் பற்றாக வைத்து அழுத்திச் சூளையில் சுட்டெடுக்கும் இந்த வஸ்துவுக்கு, மின்விளக்குகளின் இழையை இழுக்கும் அச்சுக்கு வைரத்தை விட்டால் வேறு கதியில்லையா என்று தேடிய ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தில், கார்ல் ஷ்ரோட்டர் என்பவர் 1923-இல் வழி கண்டார். குருப் நிறுவனம் அதை 1926-இல் ‘விடியா’ என்ற பெயரோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் டர்னர்களும் இன்றுவரை விடியா என்றே சொல்கிறார்கள். சாதாரண டூலுக்கான ஹைஸ்பீட் ஸ்டீல் 600 டிகிரி உஷ்ணத்தை எட்டியதும் தளரத் தொடங்கும். விடியா அதற்கு மேலும் வெகுதூரம் தாக்குப்பிடிக்கும்.

அத்தகைய முனையைச் சாதாரணக் கல்லில் வைத்தால், கல் வழவழத்துப்போய், வெட்டாமல் உரசிச் சூட்டை மட்டும் கிளப்பும். இங்கே பிரயோகிக்க வேண்டியது பச்சைக் கல். மணலையும் கோக்கையும் மின் உலையில் காய்ச்சிப் பெறும் சிலிகன் கார்பைடே அதன் சரக்கு. 1891-இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் கண்டறிந்து கார்போரண்டம் என்று பெயரிட்டது இதைத்தான். அதன் மணிகள் எளிதில் நொறுங்குபவை என்பது குறையல்ல, குணமே. நொறுங்கும்தோறும் புதிய கூர்மை வெளிப்படுகிறது.

தேர்ந்த டர்னர் முதலில் டூலின் எஃகுத் தண்டைச் சாதாரணக் கல்லிலேயே கீழிருந்து சற்று ஒதுக்கிவிடுவார். இல்லையேல் மெத்தென்ற எஃகு பச்சைக் கல்லின் துவாரங்களை அடைத்துவிடும். பிறகு, கல்லின் சுழற்சி வெட்டும் விளிம்பிலிருந்து டூலின் உடலை நோக்கி ஓடும்படி முனையைப் பிடித்து, அழுத்தாமல், ஓரிடத்தில் நிறுத்தாமல், இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டே இருப்பார். ஹைஸ்பீட் டூலை அடிக்கடி தண்ணீரில் முக்கிப் பழகிய கைக்கு இங்கே கட்டுப்பாடு வேண்டும்: சூடேறிய அரிக்கேன் சிமினியில் நீர்த்துளி தெறித்தாற்போல, நீரில் முக்கியெடுத்த விடியா கண்ணுக்குப் புலப்படாமல் விரிசல் கண்டு, கீவே பள்ளம் வெட்டிய ஷாப்டைக் கடையும்போது முதல் அடியிலேயே உதிரும்.

கடைசி மெருகு வைரச் சக்கரத்தில். அதில் எஃகை வைக்கலாகாது. வைரமும் கரியே ஆகையால், உஷ்ணத்தில் இரும்பு அதைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். எஃகு கடையப் போகும் முனையை, இவ்வளவும் செய்த பின், வைரக் கல்லால் மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு அளவுக்கு வேண்டுமென்றே மழுக்குவதும் உண்டு. மிதமிஞ்சிய கூர் அதிக நேரம் நிற்பதில்லை.

சாணை பிடிக்கையில் பறக்கும் கோபால்ட் கலந்த தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது மருத்துவர்கள் நிரூபித்த சங்கதி. அப்படியிருந்தும் முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல் சாணைமுன் நிற்பவர்களைக் காண்கையில், முதலாளிமார் தூசி உறிஞ்சும் குழாய் ஒன்றுக்குச் செலவிடத் தயங்குவது எனக்குப் பெரும் அநியாயமாகவே படுகிறது.

மழுங்கினால் திருப்பிப்போட்டுப் பின் கழித்துவிடும் இன்சர்ட்டுகள் வந்த பிறகு பெரிய ஆலைகளில் இந்த வேலை அருகிவிட்டது. கழித்ததைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு வாங்குகிறார். டங்ஸ்டனை நம் நாடு பெரும்பாலும் இறக்குமதி செய்வதால் அதற்கு நல்ல கிரயமே கிடைக்கிறது. ஆயினும் பழைய கப்பலின் தேய்ந்த உதிரிப்பாகம் ஒன்று, எந்த இன்சர்ட் பட்டியலிலும் அகப்படாத வளைவோடு, நாளைக் காலைக்குள் வேண்டும் என்று பட்டறைக்கு வந்து சேரும்போது, தண்டில் விடியாவைப் பற்றவைத்து, அந்த வளைவைப் பச்சைக் கல்லில் கையாலேயே உருவாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை.