நீரிழிவு ஆராய்ச்சியில் மீன்கள்

நீரிழிவு நோயைப் பற்றிய ஆராய்ச்சியில் நாய், முயல், எலி ஆகிய பிராணிகள் ஆற்றிய தொண்டு யாவரும் அறிந்ததே. மீன்கள் ஆற்றிய தொண்டு அவ்வளவாக அறியப்படவில்லை. ஆயினும், இன்சுலின் என்னும் ஹார்மோன் உடலில் எங்கே சுரக்கிறது என்ற வினாவுக்குத் தெளிவான விடையைத் தந்தவை கடல் மீன்களே. இன்று உலகெங்கும் வழங்கும் ஒரு புதிய வகை நீரிழிவு மருந்தின் வரலாற்றிலும் மீனுக்கு ஓர் இடம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10.1 கோடி மக்கள் நீரிழிவால் பீடிக்கப்பட்டுள்ளனர், மேலும் 13.6 கோடி பேர் அந்நோய்க்கு முந்திய நிலையில் உள்ளனர். ஆகவே இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

கணையத்தின் இரு தொழில்கள்

மனிதனின் கணையம் இரண்டு தொழில்களைச் செய்கிறது. அதன் பெரும்பகுதி, உணவைச் செரிக்கச் செய்யும் நீரைச் சுரந்து, குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. எஞ்சிய சிறு பகுதி, அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் உயிரணுக் கூட்டங்களால் ஆனது. இக்கூட்டங்களை 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் முதன்முதலில் விவரித்தார். கடலில் தீவுகள் போலக் காணப்படுவதால் இவை ‘லாங்கர்ஹான்ஸ் தீவுகள்’ என்று பெயர் பெற்றன. மனித கணையத்தில் இவை ஏறக்குறைய பத்து லட்சம் உள்ளன. எனினும் கணையத்தின் மொத்த எடையில் இவற்றின் பங்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் இராது.

1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது, அதற்குக் கடுமையான நீரிழிவு உண்டாயிற்று. நோயைத் தடுக்கும் ஏதோ ஒரு பொருள் கணையத்தில் இருக்கிறது என்பது இதனால் புலப்பட்டது. அது தீவுகளிலிருந்தே சுரக்கக்கூடும் என்று பலர் ஊகித்தனர். ஊகத்தை நிரூபிப்பதுதான் கடினமாக இருந்தது. தீவுகளை மட்டும் தனியே பிரித்தெடுக்க வழியில்லை. கணையத்தை அரைத்துச் சாறு எடுத்தாலோ, செரிமான நீர் உடன் கலந்து, தேடிய பொருளை அழித்துவிடும் என்று கருதப்பட்டது.

பிரிந்து நிற்கும் தீவு

மனிதனில் கலந்து கிடப்பதை இயற்கை மீனில் பிரித்து வைத்திருக்கிறது. எலும்புள்ள மீன்கள் பலவற்றில், தீவு உயிரணுக்கள் பெரும்பாலும் ஒன்று திரண்டு, கண்ணுக்குப் புலனாகும் ஒரு சிறு உருண்டையாக அமைந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இதனை விவரித்த பிராக்மன் என்பவரின் பெயரால் இது ‘பிராக்மன் உருண்டை’ எனப்படுகிறது. பெரிய மீன்களில் இது பட்டாணி அளவுக்கு வளர்வதும் உண்டு. கூரிய கத்தி ஒன்றிருந்தால் இதனைக் கணையத்தின் மற்றப் பகுதியிலிருந்து தனியே எடுத்துவிடலாம்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ரென்னியும் பிரேசரும் இவ்வசதியை முன்னரே உணர்ந்திருந்தனர். 1907-இல் வெளியிட்ட தங்கள் ஆய்வில், மீன்களின் தீவுத் திசுவை நீரிழிவு நோயாளிகள் சிலருக்கு உண்ணக் கொடுத்துப் பார்த்ததை அவர்கள் விவரித்தனர். நோய் தீரவில்லை. காரணம் பின்னாளில் விளங்கிற்று. இன்சுலின் ஒரு புரதம். வாய்வழி உட்கொண்டால் அதுவும் மற்ற உணவைப் போலவே செரித்துப் போகும். சரியான உறுப்பைக் கையில் வைத்திருந்தும், கொடுத்த வழி தவறியதால் கண்டுபிடிப்பு கைநழுவிற்று.

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில், மரணத்தின் விளிம்பில் இருந்த லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குக் கணையச் சாறு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. பான்டிங், பெஸ்ட், காலிப், மெக்லியாட் ஆகியோரின் அம்முயற்சி வெற்றி பெற்றதை உலகம் அறியும். ஆனால் அவர்கள் உபயோகித்தது முழுக் கணையத்தின் சாறே. மருந்து கிடைத்துவிட்டது, அது சுரக்கும் இடம் தீவுதான் என்பது இன்னும் நேரடியாக நிலைநாட்டப்படவில்லை.

அவ்வாண்டுக் கோடையில் மெக்லியாட், அட்லாண்டிக் கரையிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரின் உயிரியல் நிலையத்துக்குச் சென்றார். தலையில் தூண்டிற்கோல் போன்ற உறுப்பையுடைய தூண்டில்மீன், ஸ்கல்பின் மீன் ஆகியவற்றிலிருந்து தீவு உருண்டைகளைத் தனியாகவும் கணையத்தின் ஏனைய பகுதியைத் தனியாகவும் எடுத்துச் சாறு தயாரித்து, முயல்களுக்குச் செலுத்தினார். தீவுச் சாறு முயலின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது. மற்றச் சாறு குறைக்கவில்லை. அரை நூற்றாண்டு ஐயம் அத்துடன் தீர்ந்தது.

மீனிலிருந்தே இன்சுலினைப் பெருமளவில் தயாரிக்கலாமா என்றும் ஆராயப்பட்டது. மாடு, பன்றி ஆகியவற்றின் கணையம் இறைச்சிக் கூடங்களில் எளிதாகக் கிடைத்தமையால் அம்முறை பரவவில்லை. எனினும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானில் மீன் இன்சுலின் தயாரிக்கப்பட்டது.

தூண்டில்மீனின் இரண்டாம் கொடை

அறுபது ஆண்டுகளுக்குப் பின் தூண்டில்மீன் மீண்டும் ஆராய்ச்சிக்கு உதவிற்று. பாஸ்டன் நகரில் ஜோயல் ஹாபனரும் அவருடைய சகாக்களும் குளூகாகான் என்ற ஹார்மோனை ஆராய்ந்து வந்தனர். இது இன்சுலினுக்கு எதிராக இரத்தச் சர்க்கரையை உயர்த்துவது. வெப்ப இரத்தப் பிராணிகளின் ஜீன்களைப் பாக்டீரியாவில் புகுத்தி ஆராய்வதற்கு அக்காலத்தில் அமெரிக்காவில் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. மீனுக்கு அத்தடை இல்லை. அதன் தீவோ பெரியது. ஆகவே அவர்கள் தூண்டில்மீனைத் தேர்ந்தெடுத்தனர்.

1982-இல் வெளியான முடிவு எதிர்பாராதது. குளூகாகானைத் தரும் நீண்ட புரதத்தில், குளூகாகானை ஒத்த வேறொரு பகுதியும் மறைந்திருந்தது. அடுத்த ஆண்டில், மனிதனின் ஜீனில் அத்தகைய பகுதிகள் இரண்டு உள்ளன என்று பிறர் கண்டனர். அவற்றுள் முதலாவது ஜி.எல்.பி.-1 எனப் பெயர் பெற்றது. குடலில் உண்டாகும் இப்பொருள், இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது என்பதை 1987-இல் ஸ்வெட்லானா மொய்சோவ் முதலியோர் நிலைநாட்டினர். லிராகுளூடைடு, செமாகுளூடைடு போன்ற மருந்துகள் இதன் வழிவந்தவையே. ஹாபனர், மொய்சோவ், மருந்தை உருவாக்கிய லொட்டே நூட்சன் ஆகிய மூவருக்கும் 2024-இல் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

கங்கைப் படுகையின் சிறுமீன்

இன்றைய ஆராய்ச்சிக்கூடங்களில் முதலிடம் பெற்றுள்ள மீன் நம் நாட்டுக்குரியது. உடலில் நீலக் கோடுகள் ஓடும், சுமார் நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள வரிக்குதிரை மீனை, கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822-இல் எழுதிய நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் விவரித்தார். அமெரிக்காவின் ஆரிகான் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதனை ஆராய்ச்சிப் பிராணியாக உயர்த்தினார். மனித ஜீன்களில் நூற்றுக்கு 70 பங்குக்கு இணையான ஜீன் இம்மீனிலும் உண்டு என 2013-இல் வெளியிடப்பட்டது.

இதன் முட்டைகள் தாயின் உடலுக்கு வெளியே வளர்கின்றன. இளங்குஞ்சின் உடல் கண்ணாடி போன்றது. கருவுற்ற 24 மணி நேரத்துக்குள் இன்சுலின் உயிரணுக்கள் தோன்றிவிடுகின்றன. அவற்றை ஒளிரச் செய்தால், உயிருள்ள குஞ்சினுள் அவை பெருகுவதை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்க்கலாம். மருந்து கொடுத்து அவ்வுயிரணுக்களை மட்டும் அழித்தாலும், சில நாட்களில் அவை மீண்டும் முளைக்கின்றன. மனிதனுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. அதனை எழுப்ப வழியுண்டா என்பதே இன்றைய ஆராய்ச்சியின் வினா. மீளாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள்கள் சில இம்மீனின் மூலம் அடையாளம் காணப்பட்டுள்ளன.

ஒப்புமையின் எல்லை

மீன் மனிதனன்று என்பதையும் மறத்தலாகாது. ஊன் உண்ணும் மீன்கள் பலவற்றுக்குச் சர்க்கரையைக் கொடுத்தால், இரத்தத்தில் அதன் அளவு நெடுநேரம் உயர்ந்தே நிற்கும். மனிதனின் சர்க்கரையைக் குறைக்க உதவும் ஜி.எல்.பி.-1 கூட, மீனில் கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையை வெளிவிடச் செய்கிறது. பொருள் ஒன்று, பணி வேறு.

இவ்வேற்றுமையே சில சமயங்களில் புதிய பாடமாகிறது. மெக்ஸிகோ நாட்டின் இருண்ட குகைகளில், கண் இழந்த ஒரு வகை மீன் வாழ்கிறது. இன்சுலினை ஏற்கும் புரதத்தில் நேர்ந்த மாறுதலால், இதன் சில இனங்களின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்துள்ளது. அதே மாறுதல் மனிதனுக்கு நேர்ந்தால் கொடிய நோயாகும். மீனோ உடல் பருத்தும் நலம் குன்றாமல், குகைக்கு வெளியே வாழும் தன் இனத்தைப் போலவே நீண்ட காலம் உயிர்வாழ்கிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மிகுந்த சர்க்கரை அதன் உடலைச் சிதைக்காததன் இரகசியம் முழுவதும் விளங்கினால், நீரிழிவாளரின் கண்ணையும் சிறுநீரகத்தையும் காக்கும் வழி புலப்படக்கூடும். முதலில் தீவைப் பிரித்துக் காட்டிய மீனினம், இனி அந்த வழியையும் காட்டுமா என்பதை ஆராய்ச்சிதான் சொல்லவேண்டும்.