கேக்குக்குப் பிறகு வரும் இரவு

பிள்ளையின் பிறந்தநாளுக்கு நண்பர்களைக் கூப்பிட்டு, கேக் வெட்டி, ரிட்டர்ன் கிஃப்ட் கொடுத்து, எட்டு மணிக்குள் அனுப்பிவைப்பது நகரத்து வழக்கம். அதன் வாலில் இப்போது ஓர் இரவும் சேர்ந்திருக்கிறது. சென்னை, கோவை அபார்ட்மென்ட்களில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள் ‘ஸ்லீப்ஓவர்’ வேண்டும் என்று கேட்கிறார்கள். பெற்றோரில் ஒரு சாரார் சின்னக் கூடாரங்கள், வண்ண விளக்குகள், ஒரே நிறத்தில் இரவுடை என்று வாடகைக்கு எடுத்துப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைத் தங்கவைக்கிறார்கள். இன்னொரு சாரார், அடுத்தவர் வீட்டில் ராத் தங்குவது என்ற பேச்சே கூடாது என்கிறார்கள். எனக்கு இரு தரப்பிலும் உடன்பாடில்லை. தோழன் வீட்டில், தோழி வீட்டில் தங்கும் ஓர் இரவு இன்றைய பிள்ளைகளுக்கு நல்லது. இன்னும் சொன்னால், அவசியம். அந்த இரவைக் கெடுப்பது அதன் மேல் ஏற்றிவைக்கப்படும் பிறந்தநாள்தான். கொண்டாட்டத்துக்குக் கூட்டமும் சத்தமும் வேண்டும். இரவுக்கு இரண்டு மூன்று பேரும், விழித்திருக்கும் ஒரு பெரியவரும் போதும். இரண்டையும் ஒரே நிகழ்ச்சியாக ஆக்கும்போது, பெற்றோர் அஞ்சுகிற அநேக விஷயங்கள் நடக்க இடம் கிடைத்துவிடுகிறது.

அவசியம் என்று ஏன் சொல்கிறேன்? ‘இது நம் ஊர்ப் பழக்கமே இல்லை’ என்பதுதான் முதலில் எழும் மறுப்பு. வேறு வீட்டில் தங்குவது நமக்குப் புதிதல்ல. முழுப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளைப் பெரியம்மா வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் அனுப்பிவைத்த தலைமுறைகள் இருந்தன. கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்த அந்த மே மாதங்களில்தான் பிள்ளைகள் அம்மா இல்லாத இரவைப் பழகினார்கள். அந்தக் கூடம் இன்று காலியாகிவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1992-93இல் ஏறத்தாழ 2.5, 2019-21இல் 1.8. இந்தச் சரிவு உறவுக்கூட்டத்தில் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு நான்கு பிள்ளைகள் என்றிருந்தால் அப்பா வழியில் மூன்று, அம்மா வழியில் மூன்று என ஆறு குடும்பங்கள். பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா பிள்ளைகள் 24 பேர். வீட்டுக்கு இரண்டு என்றால் நான்கே பேர். இரண்டு தலைமுறையாக ஒற்றைப் பிள்ளை என்றால் ஒருவர்கூட இல்லை. இருக்கிற நான்கு பேரிலும் ஒருவர் பெங்களூரிலும் இன்னொருவர் டல்லாஸிலும் வளரலாம். பழைய பயிற்சி தானாகக் கிடைத்தது. இனி அதைப் பெற்றோர்தான் யோசித்து ஏற்படுத்தித் தர வேண்டும். பக்கத்து பிளாக்கில் இருக்கும் தோழியின் வீடு அதற்குத் தகுந்த இடம்.

அந்தப் பயிற்சிக்குப் பயன் உண்டு என்பதற்கு மருத்துவ ஆதாரமும் இருக்கிறது. வீட்டு ஏக்கத்தைப் பற்றிக் கிறிஸ்டோஃபர் தர்பர், எட்வர்ட் வால்டன் இருவரும் எழுதிய அறிக்கையை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2007இல் வெளியிட்டது. நீண்ட முகாமுக்கோ மருத்துவமனைக்கோ போகும் முன் ஓரிரு நாள் வெளியில் தங்கிப் பழகிய குழந்தைகளை அந்த ஏக்கம் குறைவாகவே வாட்டுகிறது. போவதா வேண்டாமா என்ற முடிவில் குழந்தைக்கும் பங்கு இருந்தால் இன்னும் நல்லது என்று அது சொல்கிறது. ‘அழுதால் உடனே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன்’ என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டாம் என்பதும் அதன் அறிவுரை. உன்னால் முடியாது என்று நாமே குழந்தையிடம் சொன்னதுபோல் ஆகிவிடும் என்பது காரணம். இரண்டு வார முகாமுக்கு இது பொருந்தும். ஏழு வயதுப் பிள்ளையின் முதல் இரவுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. அழைத்தால் வரும் தூரத்தில் பெற்றோர் இருப்பதும், எந்த நேரத்திலும் அவர்களோடு பேசலாம் என்பதைப் பிள்ளை அறிந்திருப்பதும்தான் முதல் இரவுக்கான நிபந்தனைகள். அழைத்துப் பேசிய பிறகு, ‘சரி, தூங்கிப் பார்க்கிறேன்’ என்று அந்தப் பிள்ளை தானே சொல்வதற்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்துப் பார்க்கலாம்.

பெற்றோரின் பெரிய அச்சம் வேறு. அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். நாம் தயங்கக் கூடாது. பாலியல் அத்துமீறல். மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், 53 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வடிவில் அதற்கு ஆளானதாகச் சொன்னார்கள். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு ஒரு தாய் மறுத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தையும் படிக்க வேண்டும். அத்துமீறியவர்களில் பாதிப் பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. இரத்த உறவினரோ, திருமண வழி உறவினரோ, ஒரே வீட்டில் வசிப்பவரோ செய்யும் வன்முறையைக் கடும் குற்றமாக வகைப்படுத்தி அதற்குக் கூடுதல் தண்டனை வைத்திருக்கிறது. ஆகவே, ‘சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவேன், நண்பர் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்’ என்ற கோடு பிள்ளையைக் காக்காது. ஊருக்குப் போனபோது யார் பக்கத்தில் படுத்தது என்று ஒரு நாளும் கேட்காத குடும்பம், அடுத்த பிளாக்கில் தங்குவதற்கு மட்டும் தடை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அன்று இரவு அந்தக் கூரையின் கீழ் யார் யார் இருப்பார்கள்? அழைக்கும் குடும்பம், மற்றவர் கேட்பதற்குக் காத்திருக்காமல் தானே இதைச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் தம்பி, கல்லூரி போகும் அண்ணன், வீட்டோடு தங்கி வேலை செய்பவர், வாரக் கடைசியில் வரும் நண்பர் என யாராக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் படுக்கும் அறையில் பெரியவர்களோ பெரிய பையன்களோ படுப்பதில்லை, கதவு சாத்தப்படுவதில்லை, அப்பாவோ அம்மாவோ எல்லாரும் தூங்கும்வரை விழித்திருப்பார், வீட்டில் யாரும் அன்று மது அருந்த மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். இதைக் கேட்பது அவமரியாதை என்று நம்மிடையே ஒரு கூச்சம் இருக்கிறது. முதலில் சொல்பவர் அழைப்பவராக இருந்துவிட்டால் அந்தக் கூச்சம் எழாது. பையன்களைத் தாராளமாக அனுப்பிவிட்டுப் பெண்பிள்ளைகளை மட்டும் தடுக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை: அந்த 2007 ஆய்வில் பாதிக்கப்பட்டவர்களில் ஆண்பிள்ளைகளும் ஏறத்தாழச் சரிபாதி இருந்தார்கள். காவல் இருவருக்கும் வேண்டும், அனுமதியும் இருவருக்கும் வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், ‘யாராக இருந்தாலும் பிடிக்கவில்லை என்றால் சத்தமாகச் சொல், என்னிடம் வந்து சொல்’ என்ற பேச்சும் பிள்ளை எங்கே தங்கினாலும் முன்பே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவை.

இந்தக் காவலை எண்ணிப் பார்க்கும்போதுதான் பிறந்தநாள் எப்படிக் குறுக்கே வருகிறது என்பது தெரியும். மூன்று பிள்ளைகள் என்றால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பெரியவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். பன்னிரண்டு பேர் என்றால், அதிலும் சமையல், கேக், விளையாட்டு, போட்டோ என்று காலையிலிருந்து ஓடிய ஒருவருக்கு, பத்து மணிக்கு மேல் கண் சொருகும். கவனம் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் வீடு களைத்துப்போயிருக்கும். விருந்தை மாலையில் வேறொரு நாளில் எத்தனை பேரோடு வேண்டுமானாலும் நடத்துங்கள். தங்குவதற்கு இரண்டு பேரை, மிஞ்சினால் மூன்று பேரை, கேக் வாசனை இல்லாத ஒரு சாதாரண நாளில் அழையுங்கள். பிறந்தநாளன்றே வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால் அந்த மூன்று பேரோடு மட்டும் கொண்டாடலாம். கூட்டம் வேறு நாளுக்குப் போகட்டும். ‘வகுப்பில் முப்பது பேர் இருக்க மூவரை மட்டும் அழைத்தால் மற்றவர் மனம் நோகாதா?’ என்று கேட்பார்கள். நோகும். அந்த வருத்தத்தைக் குறைக்கவும் இந்தப் பிரிவினைதான் உதவுகிறது. எல்லாருக்கும் விருந்து கிடைத்த பிறகு, இருவர் வந்து தங்கிப் போவது ஊரறிந்த விழாவாக இருக்காது. அழைப்பிதழ் அச்சடித்துப் பள்ளி வேனில் கொடுப்பதும், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவதும்தான் அதை விழாவாக்குகின்றன. இரவுடையில் இருக்கும் மற்றவர் பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதற்கு அழைத்தவருக்கு எந்த உரிமையும் கிடையாது.

தூக்கம் கெடும் என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது. தோழர்கள் சேர்ந்த இரவில் அது கிடைக்காது. வருஷத்தில் ஓரிரு இரவுகள் குறைவாகத் தூங்குவது கேடில்லை. மறுநாள் தூங்கி எழ இடம் இருக்க வேண்டும், அவ்வளவே. திங்கட்கிழமை பள்ளி இருக்கும்போது ஞாயிறு இரவு என்ற பேச்சுக்கே இடமில்லை. சனிக்கிழமை பள்ளி இல்லையென்றால் வெள்ளி இரவு நல்லது. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள் அதைவிட நல்லவை. பிறந்தநாள் தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்காதவர்களுக்கு இந்த வசதி தானாகக் கிடைக்கிறது.

தூக்கத்தைவிடப் பிள்ளைகளை அதிகம் அச்சுறுத்துவது, யாரும் கேட்காத இன்னொன்று. ஐந்து வயதில் ஏறத்தாழ ஏழு குழந்தைகளில் ஒன்றும், பத்து வயதில்கூட இருபதில் ஒன்றும் தூக்கத்தில் சிறுநீர் கழிக்கும் என்பது குழந்தை மருத்துவத்தின் பொதுவான கணக்கு. இது பெரும்பாலும் குடும்ப வழி வருவது. சோம்பலோ திமிரோ அல்ல. ‘எனக்கு அங்கே போகப் பிடிக்கவில்லை’ என்று சொல்கிற பிள்ளை இதை மனதில் வைத்தே சொல்லக்கூடும். அனுப்புகிற தாய் இதை அழைக்கிறவரிடம் தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. அழைக்கிறவர் செய்ய வேண்டியது, எல்லாருக்கும் ஒரே மாதிரிப் படுக்கை. தரையில் பாய், மேலே விரிப்பு, அடியில் ரப்பர் ஷீட் என்று எல்லாருக்கும் போட்டுவிட்டால் யாருக்காக என்று யாருக்கும் தெரியாது. கட்டிலிலிருந்து விழும் பயமும் இல்லை. எட்டு மணிக்கு மேல் கோலாவும் ஜூஸும் வேண்டாம். படுக்கும் முன் எல்லாரையும் பாத்ரூமுக்கு அனுப்பிவிட்டு, அங்கே விளக்கை விடியும்வரை எரியவிடுங்கள். விடிகாலையில் ஒரு பாய் நனைந்திருந்தால் மற்ற பாய்களோடு சேர்த்து அதையும் எடுத்துப் போய்விடலாம். செல்போனும் டேப்லெட்டும் எல்லாருடையதும் ஒன்பது மணிக்கு ஓர் அலமாரிக்குப் போக வேண்டும். இருட்டில் நாலு பிள்ளைகள் ஒரு திரையைச் சுற்றிக் குனிந்திருக்கும்போது என்ன பார்க்கிறார்கள் என்று எந்தப் பெற்றோராலும் சொல்ல முடியாது.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். நிலக்கடலை, முந்திரி, முட்டை, பால் இவற்றில் எதுவும் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா, வீசிங் உண்டா, இன்ஹேலர் பையில் இருக்கிறதா என்பதை முதல் நாளே கேட்டு எழுதிவைக்க வேண்டும். இது எளிது. ஒத்துக்கொள்ளாமையைத் தாண்டி, நம் ஊரில் எந்த வீட்டில் பிள்ளை சாப்பிடலாம், எந்த வீட்டில் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. விருந்து ஹாலில் கேட்டரிங் சாப்பாடு பரிமாறும்போது அது மறைந்துகொள்ளும். ஒரு வீட்டின் அடுக்களையில் சமைத்த இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அந்த வீட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்குவது என்று வரும்போது வெளியே வந்துவிடும். ‘அவங்க வீட்ல நான்-வெஜ் சமைப்பாங்க’ என்று சொல்லி மறுக்கிறவர்களில் பலர் உணவை மட்டும் சொல்வதில்லை. நான் இந்த இரவை வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எட்டு வயதில், வேறு சாதி வேறு மதத்துத் தோழியின் வீட்டில் தோசை சாப்பிட்டு, அவள் பாட்டி தலை பின்னிவிட, அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கிய பிள்ளைக்கு, பிற்காலத்தில் அந்த மனிதர்களைப் பற்றி யாரும் பொய் சொல்லி நம்பவைப்பது கடினம். சைவம் சாப்பிடுகிற பிள்ளை வருகிறது என்றால் அன்று எல்லாருக்கும் இட்லி, தோசை, எலுமிச்சை சாதம் என்று வைத்துக்கொள்வது விருந்தோம்பும் வீட்டுக்குப் பெரிய பாரமில்லை. அதே மதிப்போடு, அசைவம் சாப்பிடுகிற வீட்டுக்குப் பிள்ளையை அனுப்புவது சைவக் குடும்பத்தின் கடமை.

அமெரிக்காவில் இந்த வழக்கத்தை முற்றாக மறுக்கும் பெற்றோரும் உண்டு. தன் பெண்களுக்கு ஒருபோதும் அனுமதிக்காதவை என்று ஏமி சுவா 2011இல் வெளியான தன் நூலில் கொடுத்த பட்டியலில் முதலில் இருப்பதே ஸ்லீப்ஓவர்தான். இன்னும் சிலர், இரவுடையோடு வந்து விளையாடி, சாப்பிட்டு, பத்து மணிக்குப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துப் போகும் பாதி வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்தப் பாதி வழியை ஆறேழு வயதுக்கு முதல் படியாக நானும் ஏற்கிறேன். இரண்டு முறை அப்படிப் போய்ப் பழகிய பிள்ளை மூன்றாம் முறை தங்கட்டும். வயது ஒன்றை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. உதவி வேண்டுமென்றால் மற்றொரு பெரியவரிடம் கேட்கத் தெரிகிறதா, தானே பாத்ரூம் போய்வருகிறதா, வேண்டாம் என்று சொல்லத் தெரிகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். ஆறு வயதில் தயாராக இருக்கும் பிள்ளையும் உண்டு, பத்து வயதிலும் ஆகாத பிள்ளையும் உண்டு. தயாராகாத பிள்ளையைப் பிறந்தநாள் என்பதற்காக இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

காலையில் பிள்ளையை அழைக்க வரும் பெற்றோரிடம் ‘ஒரு பிரச்சினையும் இல்லை, சமத்தா இருந்தாங்க’ என்று சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம். அது போதாது. எத்தனை மணிக்குத் தூங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், பதினொரு மணிக்கு அழுதது யார், எதைச் சொன்னதும் அழுகை நின்றது, பாய் நனைந்ததா, சண்டை வந்ததா என்பதையெல்லாம் பிள்ளை காதில் விழாதபடி தள்ளி நின்று ஐந்து நிமிடம் பேசிவிட்டு அனுப்ப வேண்டும். நனைந்த துணியைத் துவைத்து மடித்துத் தனிப் பையில் கொடுக்கலாம். வீட்டுக்குப் போன பிறகு பெற்றோர், ‘நல்லா இருந்துச்சா?’ என்று கேட்காமல், ராத்திரி என்னவெல்லாம் நடந்தது என்று விரிவாகச் சொல்லக் கேட்டு, குறுக்கிடாமல் காது கொடுக்க வேண்டும். அதில் பிள்ளை சொல்வதும் அந்த வீட்டார் சொன்னதும் ஒத்துப்போனால், அடுத்த விடுமுறையில் அழைக்க வேண்டியது இவர்களின் முறை.