மூன்று நிறுத்தங்கள்

பாதை யாருக்கு? – 7

மின்னசோட்டா மாநிலத்தின் தலைநகர் செயின்ட் பால். அதையும் பக்கத்து நகரமான மினியாபொலிஸையும் இணைத்து 11 மைல் தூரத்துக்கு ஒரு லைட் ரயில் ஓடுகிறது. கிரீன் லைன் என்று பெயர். 95.7 கோடி டாலர் செலவில் கட்டி, 2014 ஜூன் 14 அன்று திறந்தார்கள். செயின்ட் பால் பக்கம் யுனிவர்சிட்டி அவென்யூவின் கிழக்குப் பாதியில் அது நிற்கும் இடங்கள் வரிசையாக இவை: ஸ்னெல்லிங், ஹாம்லின், லெக்சிங்டன், விக்டோரியா, டேல், வெஸ்டர்ன், ரைஸ். இவற்றில் ஹாம்லின், விக்டோரியா, வெஸ்டர்ன் மூன்றும் முதலில் போட்ட திட்டத்தில் கிடையாது.

பாதையின் மற்ற பகுதிகளில் ஏறக்குறைய அரை மைலுக்கு ஒரு நிறுத்தம் வைத்தவர்கள், இந்தப் பகுதிக்கு வந்ததும் ஒரு மைலுக்கு ஒன்று போதும் என்று விட்டார்கள். இங்கே குடியிருப்பவர்களில் கறுப்பினத்தவர், மோங் அகதிக் குடும்பங்கள், வியட்நாமியக் கடைக்காரர்கள் ஏராளம். கார் இல்லாத வீடுகளும் இங்கேதான் அதிகம். நிறுத்தம் ஒரு மைலுக்கு ஒன்று என்றால், நடுவில் இருப்பவர் அவென்யூவில் மட்டுமே 800 மீட்டர் நடக்க வேண்டும். வீட்டிலிருந்து அவென்யூவுக்கு வரும் தூரம் தனி. மின்னசோட்டாவின் ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி சாதாரணம். கைக்குழந்தையோடும் மளிகைப் பையோடும் அந்தக் குளிரில் 800 மீட்டர் என்பது சின்ன தூரமில்லை. அவர்கள் நம்பியிருந்தது, அதே சாலையில் அடிக்கடி வந்த 16-ஆம் எண் பஸ்ஸை. ரயில் வந்ததும் அந்த பஸ்ஸின் ஓட்டத்தையும் குறைப்பதாகத் திட்டம். ஆக, வாசலில் வந்த பஸ்ஸும் குறையும். வாசலைத் தாண்டிப் போகும் ரயிலும் நிற்காது.

யாரோ ஓர் அதிகாரி நிறவெறியோடு உட்கார்ந்து இதைச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. செய்தது ஒரு சூத்திரம். புதிய ரயில் பாதைகளுக்கு மத்திய அரசு பணம் தர வேண்டுமானால், திட்டம் ஒரு செலவுத்திறன் கணக்கில் தேற வேண்டும். போடும் டாலருக்குப் பயணிகளின் நேரம் எத்தனை மணி மிச்சமாகிறது என்பதே கணக்கு. 2005-இல் புஷ் அரசு இதைக் கறாராக்கியது. குறிப்பிட்ட மதிப்பெண் இல்லையென்றால் பணம் இல்லை. கிரீன் லைன் செலவில் பாதி மத்திய அரசுப் பணம். நடுவில் ஒரு நிறுத்தம் கூடினால் செலவு ஏறும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் பயணிக்கு நேரமும் கூடும். இரண்டுமே மதிப்பெண்ணைக் குறைக்கும். மிச்சமாவது யாருடைய நேரம் என்று சூத்திரம் கேட்பதில்லை. கார் வைத்திருப்பவரின் ஒரு நிமிடமும், வேறு வழியே இல்லாமல் ரயிலை நம்பி நிற்பவரின் ஒரு நிமிடமும் அதற்கு ஒன்று. பெருநகர மன்றம் என்ற திட்ட அமைப்பு, அந்த மூன்று இடங்களிலும் தரைக்கு அடியில் வேண்டிய வேலைகளை மட்டும் செய்து வைப்பதாகச் சொன்னது. நிறுத்தத்தைப் பணம் வரும்போது பார்த்துக்கொள்ளலாமாம்.

இந்த வாக்குறுதியை அந்த மக்கள் ஏன் நம்பவில்லை என்று புரிய, சில தெருக்கள் தெற்கே தள்ளி ஓடும் ஐ-94 விரைவுச் சாலையைப் பார்க்க வேண்டும். அந்தச் சாலை கிடக்கும் பள்ளத்தில் ஒரு காலத்தில் ரொண்டோ அவென்யூ இருந்தது. செயின்ட் பால் கறுப்பின மக்களின் வீடு, கடை, சர்ச், மன்றம் எல்லாம் அந்தத் தெருவைச் சுற்றித்தான். நகரத் திட்டப் பொறியாளர் ஜார்ஜ் ஹெரால்ட், விரைவுச் சாலையை வடக்கே ரயில் தண்டவாளத்தை ஒட்டிக் கொண்டுபோகலாம் என்று மாற்று வழி சொன்னார். எடுபடவில்லை. 1956-இல் வந்த சட்டப்படி இத்தகைய சாலைகளின் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே கொடுத்தது. எந்த நகரம்தான் காத்திருக்கும்? 1956 முதல் 1968 வரை நடந்த வேலையில் 600-க்கு மேற்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் வீடு இழந்தன. வேறு பகுதிகளில் வீடு வாங்கலாம் என்றால் கறுப்பினத்தவருக்கு விற்க ஆளில்லை. சாலையைத் தூண்கள் மேல் எழுப்பாமல் பள்ளத்தில் அமைக்க வைத்ததுதான் அவர்கள் போராடிப் பெற்ற ஒரே பெரிய சலுகை.

வெளியேற மறுத்தவர்களில் பாதிரியார் ஜார்ஜ் டேவிஸ் ஒருவர். 1956-இல் போலீஸ் சம்மட்டியும் கோடரியுமாக அவர் வீட்டுக்குள் வந்தது. சுவரைத் துளைத்தார்கள், ஜன்னலை உடைத்தார்கள், தண்ணீர்க் குழாய்களைப் பெயர்த்தார்கள். திரும்பி வந்து குடியேறிவிடக் கூடாதே என்பதற்காக. இதைப் பார்த்துக்கொண்டு நின்ற பேரனின் பெயர் நதானியல் கலீக்.

2010-இல், என்ஏஏசிபி என்ற கறுப்பின உரிமைச் சங்கத்தின் செயின்ட் பால் கிளை, இந்த ரயில் திட்டத்தை எதிர்த்து மத்திய நீதிமன்றத்துக்குப் போனபோது, கிளைத் தலைவர் அதே நதானியல் கலீக். ரொண்டோவுக்கு நேர்ந்ததையும் சேர்த்துத்தான் இந்தத் திட்டத்தின் பாதிப்பை அளக்க வேண்டும் என்று அந்த வழக்கு கேட்டது. இது மிக நியாயமான கேள்வி என்பது என் எண்ணம். 2011 ஜனவரியில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது வேறொரு குறையை: கட்டுமானக் காலத்தில் கடைக்காரர்களுக்கு வரும் வருமான இழப்பை அரசு சரியாக ஆராயவில்லை என்றது. வேலையை நிறுத்தவில்லை.

சென்ற வாரம் பார்த்த லாஸ் ஏஞ்சல்ஸ் பஸ் பயணிகள் 1994-இல் இனப் பாகுபாடு என்று வழக்குப் போட்டு, 1996-இல் பத்தாண்டு உடன்படிக்கை வாங்கினார்கள். செயின்ட் பால் மக்களுக்கு அந்தக் கதவு அடைபட்டிருந்தது. 2001-இல் சாண்டோவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொன்னது: அரசுத் திட்டத்தின் விளைவு ஓர் இனத்தைப் பாதிக்கிறது என்பதை மட்டும் வைத்து 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதியின் கீழ் தனிமனிதர் வழக்குப் போட முடியாது, வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதை நிரூபிக்க வேண்டும். சூத்திரத்துக்கு ஏது உள்நோக்கம்? எதை வைத்து நிரூபிப்பது?

அதனால் அவர்கள் சூத்திரத்தையே குறிவைத்தார்கள். ‘ஸ்டாப்ஸ் ஃபார் அஸ்’ என்ற கூட்டமைப்பு உருவானது. சர்ச்சுகள், குடியிருப்போர் அமைப்புகள், போக்குவரத்து ஆர்வலர்கள் எல்லாம் அதில் சேர்ந்தனர். ஒவ்வொரு பொது விசாரணைக்கும் போனார்கள். வாஷிங்டன் வரை பேசினார்கள். 2010 ஜனவரியில் மத்தியப் போக்குவரத்து அமைச்சர் ரே லஹூட் 2005-இன் கெடுபிடியை நீக்கினார். அதைத் தொடர்ந்து மூன்று நிறுத்தங்களுக்கும் ஒப்புதல் வந்தது. ஒரு நிறுத்தத்துக்கு 50 லட்சம் டாலரை ஒட்டித்தான் செலவு. 95.7 கோடியில் இது எத்தனை சிறிய தொகை என்று பாருங்கள். இதற்காக ஆண்டுக்கணக்கில் போராட்டம்.

ரொண்டோவுக்காக 2015-இல் செயின்ட் பால் மேயரும் மாநிலப் போக்குவரத்துத் துறை ஆணையரும் மன்னிப்புக் கேட்டார்கள். ரொண்டோவில் வீடு இழந்தவர்களின் வாரிசுகள் வீடு வாங்க நகராட்சி ஒரு நிதி தொடங்கியிருக்கிறது. ஐ-94 பள்ளத்தின் மேல் நிலப்பாலம் கட்டி இரு கரையையும் சேர்க்கும் யோசனைக்கு, திட்ட வேலைக்காக 2023-இல் மத்திய அரசு 20 லட்சம் டாலர் ஒதுக்கியது. வந்தவரை நல்லதுதான். போன வீடுகளின் மதிப்பில் இது ஒரு மூலைக்கும் காணாது.

உங்கள் ஊருக்கு மெட்ரோவோ புதிய பஸ் தடமோ வரப்போகிறது என்றால், வரைபடத்தில் நிறுத்தங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். எந்தப் பகுதியில் அது நீளுகிறது, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எந்தக் கணக்கின்படி நீண்டது என்று எழுத்தில் கேளுங்கள். கான்கிரீட் விழுவதற்கு முன்பே கேளுங்கள்.

(அடுத்த வாரம்: சிரகியூஸ் நகரத்தின் நடுவே கட்டிய ஐ-81 மேம்பாலம்)