சட்டகம் மாறினும் பொருள் மாறலாகாது



பள்ளிக்கூடத்து மதிப்பெண் பதிவேட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மாணாக்கன் பெயருக்கு நேரே சுழியம் இருக்கலாம். 'வரவில்லை' என்னும் குறி இருக்கலாம். கட்டம் வெறுமையாகவும் இருக்கலாம். சுழியமாயின், அவன் தேர்வெழுதியும் மதிப்பெண் பெறவில்லை. குறியாயின், தேர்வுக்கே வரவில்லை. வெறுமையாயின், ஆசிரியர் இன்னும் பதியவில்லை. இம்மூன்றையும் குழப்பினால், காய்ச்சலில் கிடந்த பிள்ளை தோல்வியுற்றவனாகி விடுவான். இன்று இப்பதிவேடு கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. அங்கே இவ்வேறுபாட்டைக் காப்பது எது? அதனையே ஈண்டு விளக்க விழைகிறேன்.

ஒரு நிரல் மற்றொரு நிரலுக்குச் செய்தி விடுக்குங்கால், 'ஜேசன்' என்னும் எழுத்து வடிவத்தை இந்நாளில் பெரிதும் கையாளுகின்றனர். பெயரும் அதற்குரிய மதிப்பும் இணையிணையாக அமைந்த தொகுதி அது. நாம் அதனைப் பதிவு என்போம். பதிவில் எவ்வெப் பெயர்கள் இருத்தல் வேண்டும், எது எண், எது எழுத்து, எண்ணின் எல்லை யாது என விதிப்பது 'ஸ்கீமா'. அதனைச் சட்டகம் எனலாம். விண்ணப்பத்தைச் சரிபார்த்து வாங்கும் எழுத்தர் கையிலுள்ள விதித்தாளை ஒத்தது அது.

இவ்விதித்தாள் ஒரே மொழியில் இருப்பதில்லை. பொதுவில் வழங்குவது 'ஜேசன் ஸ்கீமா'. பைத்தான் மொழியில் எழுதுவோர் 'பைடான்டிக்' என்னும் கருவியையும், டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதுவோர் 'ஸாட்' என்னும் கருவியையும் பயன்படுத்துகின்றனர். ஒரே விதியைப் பல இடங்களில் கையால் எழுதினால், நாளடைவில் ஒன்று திருந்தும். மற்றொன்று பழமையிலேயே நிற்கும். ஆகவே ஒன்றினின்று மற்றொன்றை ஆக்கும் மாற்றிகள் தோன்றின. ஆயின், சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெடும் இடங்கள் உள.

முதலாவது, சட்டகம் மௌனமாயிருக்கும் இடம். ஜேசன் ஸ்கீமாவில் ஒரு பெயரை எழுதிய அளவில் அது கட்டாயமாகி விடாது; 'ரெக்வயர்டு' என்னும் தனிப்பட்டியலில் அதனைச் சேர்த்தல் வேண்டும். ஸாட்டிலோ, எழுதிய பெயரெல்லாம் கட்டாயமே. விலக்கு வேண்டுமாயின் 'ஆப்ஷனல்' எனக் குறித்தல் வேண்டும். முன்னதில் மௌனம் உரிமை; பின்னதில் மௌனம் கட்டளை. இதனை உணராத மாற்றி, மதிப்பெண் இன்னும் பதியப்படாத பதிவை அறவே மறுத்துவிடும். மறுப்பைத் தவிர்க்க எவரேனும் அங்கே சுழியத்தை இட்டுவிட்டால், தீங்கு முழுமையடைகிறது.

இரண்டாவது, வெறுமையைக் குறிக்கும் 'நல்' என்னும் மதிப்பு. தேர்வுக்கு வராதவனை இம்மதிப்பால் குறிப்பதாகக் கொள்வோம். ஜேசன் ஸ்கீமாவில் 'எண் அல்லது நல்' என இரு வகைகளையும் சேர்த்து எழுதுவர். 2017இல் வெளிவந்த ஓப்பன் ஏபிஐ 3.0 இதற்கு 'நல்லபிள்' என்னும் தனிச்சொல்லை வைத்திருந்தது. 2021இல் வந்த 3.1 அதனை நீக்கி, ஜேசன் ஸ்கீமாவின் வழியையே மேற்கொண்டது. பழைய சொல்லை அப்படியே பெயர்த்து வைத்தால், ஜேசன் ஸ்கீமா தனக்குத் தெரியாத அச்சொல்லைப் பொருட்படுத்தாது கடந்துவிடும். வராதவனுடைய பதிவு வாயிலிலேயே தடுக்கப்படும்.

மூன்றாவது, எல்லை. கட்டணம் சுழியத்தினும் மிகுதியாயிருத்தல் வேண்டும் என்பது விதியென்க. ஜேசன் ஸ்கீமாவின் 4ஆம் வரைவில் 'மினிமம்' என்பதற்கு நேரே 0 என எழுதி, 'எக்ஸ்க்ளூசிவ் மினிமம்' என்பதற்கு நேரே 'ஆம்' என்று குறிப்பர். 2017இல் வந்த 6ஆம் வரைவிலோ, பின்னைய சொல்லுக்கு நேரே 0 என்னும் எண்ணையே எழுதுதல் வேண்டும். சொல் ஒன்றே, பயன் வேறு. 'மினிமம்' மட்டும் பெயர்ந்து வந்தால், விலக்க வேண்டிய சுழியம் உள்ளே நுழைந்துவிடும்.

இன்னும் ஒன்று. "45" என்று மேற்கோளுக்குள் எழுத்தாய் வந்ததைப் பைடான்டிக் இயல்பாகவே எண்ணாக மாற்றி ஏற்றுக்கொள்ளும். எண் வேண்டும் என்ற ஜேசன் ஸ்கீமா அதனை ஏற்காது. விதி ஒன்றாயினும் காவலரின் கண்டிப்பு வேறாகிறது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முதற்கண், ஒவ்வொரு விதியின் கருத்தையும் எளிய சொற்களில் எழுதிக்கொள்ளுதல். அடுத்து, பழைய சட்டகம், புதிய சட்டகம் இரண்டின் முன்னும் ஒரே பதிவுகளை நிறுத்துதல். அவற்றுள் நல்ல பதிவுகள் மட்டுமன்றிப் பிழையுள்ளனவும் இருத்தல் வேண்டும்: பெயர் விடுபட்டது, நல் வந்தது, எல்லையிலேயே நிற்பது, எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தது. ஏற்கத்தக்கதை ஏற்பது தேர்வின் பாதி. மறுக்கத்தக்கதை மறுப்பது மறுபாதி. இரண்டின் விடைகளும் ஒத்தால் மாற்றம் செம்மையானது எனலாம்.

பெயர்க்க இயலாத விதிகளும் உண்டு. ஸாட்டில் நிரலர் தாமே எழுதிச் சேர்க்கும் தனிச்சோதனைகளுக்கு ஜேசன் ஸ்கீமாவில் இடமில்லை. அத்தகைய விதியை ஓசையின்றி விட்டுவிடும் மாற்றியைக் காட்டிலும், 'இதனை என்னால் பெயர்க்க இயலவில்லை' என்று அறிவிக்கும் மாற்றியே நம்பத்தக்கது. எதனை விட்டோம் என்று அறிந்தால் அதனை வேறிடத்தில் காத்துக்கொள்ளலாம். அறியாது விட்டதற்குக் காவல் இல்லை.